ஆறு மாதக் கைக்காசு

2014 நவம்பர் 1-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் உற்பத்தி நின்றது. 2006 தொடக்கத்தில் ஓட ஆரம்பித்த ஆலை அது. உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். வரி வழக்கு வந்தது. அதனால், நோக்கியாவின் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறியபோது இந்த ஆலை மட்டும் விற்பனையிலிருந்து விடுபட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பக்கத்திலிருந்த ஃபாக்ஸ்கானும் உற்பத்தியை நிறுத்தியது. விடிவதற்கு முன் கம்பெனி பஸ் ஏறிக்கொண்டிருந்த பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்தார்கள். 2022-ல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையிலும் கடைசிக் கார் இறங்கியது.

இதில் எதுவுமே லைனில் நின்று வேலை செய்தவரின் தவறால் நடந்ததில்லை. அவர் எவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தாலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் ஆலை மூடிய மறுநாள் அவர் எந்த நிலையில் இருந்தார் என்பதில் ஒரு பகுதி அவர் கையில்தான் இருந்தது. அடுத்த வேலைக்கு ஆறு மாதம் பொறுத்துத் தேடும் நிலையிலா, அல்லது அந்த மாதம் 5-ஆம் தேதி இ.எம்.ஐ. கட்ட வேண்டுமே என்று கிடைத்ததில் ஏறும் நிலையிலா?

வடக்குப்பட்டு, ஒரகடம், மாத்தூர், வல்லம், படப்பை என்று அறை எடுத்துத் தங்கி, கம்பெனி வேலைக்குப் போய்வரும் உங்களுக்காக எழுதும் அத்தியாயம் இது. ஒரே ஒரு காரியத்தைத்தான் கேட்கிறேன். அறை வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்பும் பணம் உட்பட உங்கள் ஒரு மாதச் செலவைப்போல் ஆறு மடங்கை ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள். அதற்கு ஆறு மாதக் கைக்காசு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

அந்தப் பணம் வட்டி தருவதைவிடப் பெரிய வேலை ஒன்றைச் செய்கிறது. தொடர்ந்து மூன்றாவது நாளாக ஓ.டி. பார்க்கச் சொன்னால், "இன்னைக்கு முடியாது சார், உடம்பு அசதியா இருக்கு" என்று சொல்ல முடிகிறது. சம்பளத்தில் பி.எஃப். பிடித்தும் கணக்கில் ஏறவில்லையே என்று காண்ட்ராக்டரிடம் நிமிர்ந்து கேட்க முடிகிறது. அம்மாவுக்கு ஆபரேஷன் என்றால் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று பத்து நாள் போய்ப் பக்கத்தில் இருக்க முடிகிறது. நான் விடுதலை என்று சொல்வது இந்தச் சின்னச் சின்ன "முடியாது"களைத்தான். வேலையை விடாமலே, விட்டாலும் தாங்குவேன் என்ற தைரியத்தோடு வேலைக்குப் போவது வேறு மாதிரியான வாழ்க்கை. நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால் தூக்கம் வரும்.

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9-இல் தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். வேலை இல்லையேல் சம்பளம் இல்லை என்றது நிர்வாகம். அந்தப் போராட்டத்தைப் பற்றி உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும். 37 நாள் என்பது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். அப்படி ஒரு நாள் உங்களுக்கு வந்தால், நியாயம் என்று நீங்கள் நினைக்கும் பக்கம் நிற்பதா வேண்டாமா என்பதை உங்கள் மனசாட்சி முடிவு செய்ய வேண்டும். வண்டிக் கடன் கொடுத்தவர் முடிவு செய்யக் கூடாது.

ஒரு மணி நேரத்தின் விலை

1992-ல் அமெரிக்காவில் ஜோ டொமிங்கெஸ், விக்கி ராபின் என்ற இருவர் ஒரு புத்தகம் எழுதினார்கள். அதன் மையக் கணக்கு நம் ஒரகடத்துக்கு அப்படியே பொருந்தும். பணத்தை ரூபாயில் எண்ணாமல், அதைச் சம்பாதிக்கக் கொடுத்த உயிர் நேரத்தில் எண்ணிப் பாருங்கள் என்றார்கள்.

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த 23 வயதுத் தம்பி ஒருவர், பிடித்தமெல்லாம் போகக் கைக்கு 18,000 ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 26 நாள், எட்டு மணி நேரம் என்றால் மாதத்துக்கு 208 மணி. மணிக்கு 86 ரூபாய் சொச்சம் வருகிறது. ஆனால் அவர் வேலைக்காகக் கொடுப்பது எட்டு மணி நேரம் மட்டுமா? காலை 6 மணி ஷிப்டுக்கு நாலரைக்கே சீருடை மாட்டி பஸ் நிறுத்தத்துக்கு வருகிறார். பஸ் எல்லாரையும் இறக்கிவிட்டு அவரை அறைக்கு அருகே விடும்போது சாயங்காலம் நாலு. பதினொன்றரை மணி நேரம். மாதம் 299 மணி. இப்போது ஒரு மணி நேரம் 60 ரூபாய்க்கு வந்துவிட்டது.

இனி மொபைல் கடைக்குப் போகலாம். 30,000 ரூபாய் போன் என்றால் 500 மணி நேரம். நாற்பத்து மூன்று நாள் விடியற்காலை எழுந்து பார்த்த உழைப்பு அது. வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. நாற்பத்து மூன்று நாளுக்கு அது தகும் என்று தோன்றினால் வாங்குங்கள். 12,000 ரூபாய் போனே போதும் என்று தோன்றினால், இருபத்தைந்து நாளுக்கும் மேல் உங்களிடமே திரும்பி வந்துவிட்டது. உங்கள் சொந்த எண்களைப் போட்டு இந்தக் கணக்கை ஒருமுறை செய்து, போனின் பின்பக்கக் கவரில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். மணிக்கு இவ்வளவு. கடைக்காரர் பேசும்போது அது நினைவுக்கு வரும்.

இதிலேயே இன்னொன்றும் விளங்கும். காஞ்சிபுரத்திலிருந்தோ செய்யாறிலிருந்தோ தினமும் வந்துபோனால் அறை வாடகை மிச்சம்தான். ஆனால் நேரம் போகிறது. வடக்குப்பட்டிலேயே தங்கினால் வாடகை உண்டு, நேரம் மிச்சம். எது சிக்கனம் என்பது, மிச்சமாகும் நேரத்தை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாலை நேர டிப்ளமோ படிக்கிறவருக்கு வாடகை லாபம். பெண்களுக்குப் பாதுகாப்பு முதல் கணக்கு. வல்லம் வடகாலில் சிப்காட் 706 கோடி ரூபாய் செலவில் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த தங்கும் விடுதியில் 18,720 படுக்கைகள் இருக்கின்றன. இந்தப் பகுதியில் தங்குமிடம் எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதற்கு அந்த எண்ணே சாட்சி.

மாதக் கணக்கு

அதே தம்பியின் மாதத்தைப் பார்ப்போம். நாலு பேர் சேர்ந்த அறையில் அவர் பங்கு 2,000. கரண்டும் தண்ணீர் கேனும் 400. கம்பெனி கேன்டீன் போக மற்ற வேளைச் சாப்பாடு 3,000. ரீசார்ஜ் 350. ஊருக்குப் போய்வர 1,000. சோப்பு, முடிவெட்டு, ஒரு சினிமா எல்லாம் சேர்த்து 1,000. வீட்டுக்கு 5,000. மொத்தம் 12,750. மிச்சம் 5,250. ஆறு மாதக் கைக்காசு அவருக்கு 76,500 ரூபாய். மிச்சத்தை அப்படியே சேர்த்தால் பதினைந்தாவது மாதம் கையில் இருக்கும். போனஸையும் ஓ.டி. பணத்தையும் தொடாமல் அதிலேயே போட்டால் ஒரு வருஷத்துக்குள் முடியும்.

இப்போது அவர் ஒரு பைக் எடுக்கிறார். 1,50,000 கடன், மூன்று வருஷம், "வட்டி வெறும் 12 பர்சன்ட்தான் தம்பி" என்கிறார்கள். அது ஃபிளாட் வட்டியா, குறையும் அசலுக்கான வட்டியா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்காகவே இந்த அத்தியாயத்தை மடித்து வைத்துக்கொள்ளலாம். ஃபிளாட் என்றால், நீங்கள் மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும் கடைசி மாதம் வரை முழு ஒன்றரை லட்சத்துக்கும் வட்டி போடுகிறார்கள். மூன்று வருஷ வட்டி 54,000. இ.எம்.ஐ. 5,667. குறையும் அசலில் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. தம்பியின் மிச்சமோ 5,250. மாதம் 417 ரூபாய் துண்டு விழும். பெட்ரோல் அதற்கு மேல். துண்டு விழும் 417-க்காகக் கைமாற்று வாங்கி, கைமாற்றை அடைக்கத் தண்டல் வாங்கி, தண்டலை அடைக்க அக்கா நகையை அடகு வைத்தவர்கள் ஒவ்வொரு காம்பவுண்டிலும் இருக்கிறார்கள். முப்பத்தாறு மாதத்துக்கு அவர் எந்த சூப்பர்வைசரிடமும் "முடியாது" என்று சொல்ல மாட்டார்.

கம்பெனி பஸ் வாசலுக்கு வரும் ஊரில் முதல் வருஷமே வண்டி தேவையில்லை. கைக்காசு சேர்ந்த பிறகு, நல்ல நிலையில் உள்ள பழைய வண்டியை ரொக்கத்துக்கு வாங்குங்கள். ஊரில் சித்தப்பா என்ன நினைப்பார் என்ற கேள்வி வரும். அது சாதாரணக் கேள்வி இல்லை என்று எனக்குத் தெரியும். கம்பெனி வேலைக்குப் போன பையன் பொங்கலுக்குப் புது வண்டியில் வந்து இறங்குவது குடும்பத்துக்கே மரியாதை. ஆனால் அந்த மரியாதைக்கு மாதத் தவணை கட்டுவது சித்தப்பா இல்லை.

அறைச் செலவில் கவனிக்க வேண்டியது கரண்ட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் தமிழ்நாட்டில் இலவசம். ஆனால் அறை வாடகைக்கு விடுகிறவர்கள் பலர் யூனிட்டுக்குத் தாங்களே ஒரு விலை வைத்திருக்கிறார்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே அந்த விலையைக் கேளுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அப்போதே பேசுங்கள்.

சாப்பாட்டை நாலு பேரும் சேர்ந்து சமைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய மிச்சம். ஒரு குக்கர், ஒரு வாணலி போதும். ஷிப்ட் வாரியாக முறை வைத்துக்கொள்ளலாம். காலை ஷிப்ட் முடித்து வருகிறவர் குழம்பு வைத்தால், இரவு ஷிப்டுக்குப் போகிறவர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். மளிகையை மாதத்துக்கு ஒருமுறை வாங்கி, ஒரு நோட்டில் பங்கு எழுதுங்கள். ஒரு முட்டை கூடுதலாக எடுத்தவரைப் பற்றிச் சண்டை வராமலிருக்க, முட்டையை மட்டும் தனிக் கணக்காக்கிவிடுவது நல்லது. இப்படிச் சமைக்கிற அறைகளில் மாசக் கடைசியில்கூட நல்ல சோறு இருக்கும். பேச்சுத் துணையும் இருக்கும். ஊரை விட்டு வந்த பிள்ளைகளுக்கு அதுவும் பெரிய ஆதரவு.

ஆனால் சாப்பாட்டின் அளவிலும் சத்திலும் கை வைக்காதீர்கள். டீயும் பன்னும் தின்று மிச்சம் பிடிப்பவர் லைனில் மயங்கி விழுந்தால் அந்த மிச்சம் ஒரே நாளில் போய்விடும். பாதுகாப்பு ஷூ, கண்ணாடி, தூக்கம், பல்வலிக்கு உடனே மருத்துவர் ஆகியவையும் அப்படித்தான். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. உங்களிடம் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், நிர்வாகம் 3.25 சதவீதம் கட்டுகிறது. தகுதிக்கான நாட்கள் வேலை பார்த்திருந்தால், நோயில் படுக்கும் நாளுக்கு வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். பலர் ஈ.எஸ்.ஐ. எண்ணே தெரியாமல் தனியார் கிளினிக்கில் காசு கொடுக்கிறார்கள். சம்பளச் சீட்டை இன்று இரவே எடுத்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே யு.ஏ.என். எண் இருக்கும். உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, உங்களிடம் பிடித்த 12 சதவீதமும் நிர்வாகத்தின் பங்கும் மாதாமாதம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கம்பெனி மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிப்பது இந்தப் பகுதியில் ஒரு பழக்கமாகிவிட்டது. எடுக்காதீர்கள், புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். மொத்தம் பத்து வருஷம் சேவை இருந்தால்தான் ஓய்வூதியத் தகுதி வரும். இரண்டு வருஷம் இங்கே, மூன்று வருஷம் அங்கே என்று ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

எங்கே வைப்பது

சம்பளம் விழும் கணக்கிலேயே கைக்காசையும் வைத்தால் ஜிபேயில் கரைந்துவிடும். வேறு ஒரு வங்கியில் கணக்குத் தொடங்கி, அதை எந்தப் பணச் செயலியிலும் இணைக்காமல் விடுங்கள். சம்பளம் வந்த அன்றே, வேறு எதற்கும் கொடுப்பதற்கு முன், மிச்சத் தொகையை அங்கே அனுப்புங்கள். மாசக் கடைசியில் மிஞ்சியதைப் போடலாம் என்றால் மிஞ்சாது. மூன்று மாதச் செலவு அங்கே சேர்ந்ததும் மீதியை அஞ்சலகத் தொடர் வைப்பில் போடலாம். மாதம் 100 ரூபாயிலேயே தொடங்கலாம். அது ஐந்து வருஷத் திட்டம் என்றாலும், ஒரு வருஷம் ஒழுங்காகக் கட்டியிருந்தால் கட்டியதில் பாதிவரை கடன் எடுக்க வழியுண்டு.

சீட்டு கட்டலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். ஏலச்சீட்டு நம் ஊரின் பழைய சேமிப்பு முறை, அதைக் குறை சொல்ல மாட்டேன். 1982-ஆம் வருஷத்துச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவான சீட்டா என்று பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதிவில்லாத சீட்டில் கைக்காசைப் போடாதீர்கள், நடத்துகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். மாதத்துக்கு லட்சத்துக்கு இத்தனை ஆயிரம் என்று வருகிறவர்களிடம் பேச்சே வேண்டாம். ஆருத்ரா கோல்டு என்ற நிறுவனத்தின் விவகாரம் 2022-ல் வெடித்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு சொன்னது. பணம் போட்டவர்களில் நம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்கள் நிறைய. வங்கி வட்டியும் அஞ்சலக வட்டியும் கேட்க மெதுவாக இருக்கும். ஆனால் கைக்காசு வளர வேண்டிய பணம் இல்லை. கேட்ட அன்று இருக்க வேண்டிய பணம்.

வீட்டுக்கு அனுப்பும் பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதைக் குறைத்து மிச்சம் பிடியுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா அம்மாவிடம் கணக்கைச் சொல்லுங்கள். "மாசம் அஞ்சாயிரம் கண்டிப்பா வரும்மா, அதுக்கு மேல ஒரு வருஷத்துக்குக் கேக்காதீங்க, கம்பெனி எப்போ என்ன ஆகும்னு தெரியாது, கையில கொஞ்சம் சேர்த்துக்கிறேன்" என்று சொன்னால் பெரும்பாலான தாய்மார்கள் சந்தோஷப்படத்தான் செய்வார்கள். அவர்களும் அரிசிப் பானைக்குள் பணம் வைத்து நம்மை வளர்த்தவர்கள்தானே. மொய், சீர் இவற்றுக்கு வருஷத்துக்கு ஒரு தொகையை முன்பே ஒதுக்கிவிட்டால், வைகாசியில் பத்துப் பத்திரிகை சேர்ந்து வரும்போது கடன் வாங்க வேண்டியிருக்காது.

இதையெல்லாம் படித்துவிட்டு, என் சம்பளமே கைக்குப் பன்னிரண்டாயிரம்தான், இதில் எங்கே மிச்சம் பிடிப்பது என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கோபம். காண்ட்ராக்ட், டிரெய்னி என்ற பெயரில் அதே லைனில் அதே வேலைக்குக் குறைந்த கூலி வாங்குகிறவர்களுக்கு, சிக்கனமாக இரு என்று புத்தி சொல்வது பதிலாகாது. அவர்களுக்கு வேண்டியது கூடுதல் சம்பளமும் கணக்கில் ஏறும் ஓ.டி.யும்தான். ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். உங்களுக்கு என் யோசனை சிறியது. ஆறு மாதம் பெரிதாகத் தெரிந்தால் ஒரு மாதத்தைச் சேருங்கள். ஒரு மாதக் கைக்காசு இருந்தாலே இன்டர்வியூவுக்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டுப் போய்வர முடியும்.

வடக்குப்பட்டின் சொந்த ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022-ல் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது கற்கருவிகளும் அதற்கு மேல் சங்க காலத்து எச்சங்களும் கிடைத்தன. அவ்வளவு காலமாக மனிதர்கள் பிழைத்து வந்த மண். அதை விற்ற காசில் நீங்கள் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். வாடகை வரும் வரைக்கும் நல்ல வருமானம்தான். ஆனால் கம்பெனி மூடினால் அறைகளும் அதே மாதம் காலியாகும், கம்பெனிச் சம்பளம், அறை வாடகை இரண்டும் ஒரே கயிற்றில் தொங்குகின்றன. அதனால் உங்களுக்கு ஆறு மாதக் கைக்காசு போதாது, ஒரு வருஷத்துக்கு வேண்டும். மகனுக்குக் கார் எடுப்பதற்கு முன் அதை ஒதுக்கிவிடுங்கள். மீதமிருக்கும் நிலத்தின் பத்திரத்தை எந்தக் கடனுக்கும் ஜாமீனாக வைக்காதீர்கள்.

கைக்காசு சேர்ந்த பிறகு அதைத் தொடவே கூடாது என்று பூட்டிவைக்க வேண்டியதில்லை. வேலை போனால், உடம்பு படுத்தால், தாங்க முடியாத ஓரிடத்திலிருந்து வெளியேற வேண்டியிருந்தால் தயங்காமல் எடுங்கள். அதற்காகத்தான் அது. கல்யாணம், போன், திருவிழா, நண்பருக்குக் கைமாற்று ஆகியவற்றுக்கு எடுக்காதீர்கள், அவற்றுக்கு வேறு பணம் சேருங்கள். எடுத்த தொகையைத் தேதியோடு நோட்டில் எழுதி, அடுத்த சம்பளத்திலிருந்து பழையபடி மாதாமாதம் நிரப்பிக்கொண்டு வாருங்கள்.